கியூவிடம் ‘5 நொடி காத்திரு’ என்று சொன்னால் உண்மையில் என்ன நடக்கிறது?

பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் ஓடும் நிரல்களில் கியூவுக்கு டைம்அவுட் (காத்திருப்புக்கான நேர வரம்பு) கொடுப்பவர்கள் பொதுவாக மூன்று குழப்பங்களில் ஒன்றைச் சந்திக்கிறார்கள். 5 நொடி என்று கொடுத்திருக்க, பதில் ஆறாவது நொடியில் வருகிறது. ‘கியூ காலி’ என்று பிழை வந்த மறுகணமே பார்த்தால் உள்ளே உருப்படிகள் நிற்கின்றன. 0 என்று கொடுத்தால் ஒரு மென்பொருள் உடனே திரும்பிவிடுகிறது, இன்னொன்று நாள் முழுக்க அசையாமல் கிடக்கிறது.

இவை பெரும்பாலும் கியூவின் பழுது அல்ல. டைம்அவுட் எதை அளக்கிறது, எப்போதிலிருந்து அளக்கிறது, முடிந்ததும் எதைச் சொல்கிறது என்ற மூன்றும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. பெயர் மட்டும் எங்கும் ஒன்றே. அதனால்தான் இவ்வளவு குழப்பம்.

## கியூ எதற்கு, காத்திருப்பு எதற்கு

ஒரு நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலை ஓட்டங்களை த்ரெட் என்கிறோம். ஒரு த்ரெட் உருவாக்கியதை இன்னொன்று வாங்கிச் செயல்படுத்த வேண்டுமானால் நடுவில் ஒரு வரிசை வேண்டும். அதுதான் கியூ. ஒரு பக்கம் போடும் த்ரெட், மறுபக்கம் எடுக்கும் த்ரெட். முதலில் போட்டது முதலில் வெளியே வரும்.

இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. எடுக்க வரும்போது கியூ காலியாக இருக்கலாம். கியூவுக்கு ஒரு கொள்ளளவு வைத்திருந்தால், போட வரும்போது அது நிரம்பியிருக்கலாம். அப்போது அந்த த்ரெட் செய்யக்கூடியவை மூன்று:

1. ‘இப்போது முடியாது’ என்ற பதிலோடு உடனே திரும்புவது.
2. எவ்வளவு நேரமானாலும் அங்கேயே நிற்பது.
3. குறிப்பிட்ட நேரம் வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்புவது.

மூன்றாவதுதான் டைம்அவுட். 2004-இல் வெளிவந்த ஜாவா 5-இன் பிளாக்கிங் கியூ இந்த வேறுபாட்டைப் பெயர்களிலேயே பிரித்து வைத்தது. ‘டேக்’ என்றால் எடுக்கும்வரை நிற்கும். வெறும் ‘போல்’ என்றால் உடனே திரும்பும். நேரத்தோடு சேர்த்து ‘போல்’ என்றால் அந்த நேரம் வரை நிற்கும். பைத்தான் எல்லாவற்றையும் ‘கெட்’ என்ற ஒரே செயலில் வைத்து, ‘பிளாக்’, ‘டைம்அவுட்’ என்ற இரண்டு அளவுருக்களால் பிரிக்கிறது. ‘பிளாக்’ பொய் என்று கொடுத்துவிட்டால், டைம்அவுட்டுக்கு எந்த எண் கொடுத்தாலும் அது கண்டுகொள்ளப்படாது. பலர் இங்கேதான் முதலில் தடுக்கி விழுகிறார்கள்.

## 0, எதிர்ம எண், ‘எப்போதும்’

ஒரு மொழியில் பழகிய கையோடு இன்னொன்றுக்குப் போகும்போது மிகவும் ஆபத்தான இடம் இது.

பைத்தானின் கியூவில் டைம்அவுட் 0 என்றால் ஒருமுறை பார்த்துவிட்டு, இல்லையென்றால் உடனே ‘எம்ப்டி’ பிழை. ஜாவாவிலும் 0 என்றால் காத்திருப்பு இல்லை. ரெடிஸ் என்ற தரவுத்தளத்தின் ‘பிஎல்பாப்’ கட்டளையிலோ 0 என்றால் முடிவே இல்லாமல் காத்திரு என்று பொருள். ‘காத்திருக்க வேண்டாம்’ என்று நினைத்து 0 கொடுத்தவரின் த்ரெட் அங்கேயே உறைந்துவிடும்.

எதிர்ம எண் இன்னும் மோசம். டாட்நெட்டில் -1 என்றால் எல்லையற்ற காத்திருப்பு. ஜாவாவின் ‘போல்’ எதிர்ம எண்ணை 0 போலவே எடுத்துக்கொள்கிறது. பைத்தானிலோ ஒரே மொழிக்குள்ளேயே மூன்று பொருள்: சாதாரணக் கியூவுக்கு -1 கொடுத்தால் ‘வேல்யூ எரர்’ வரும், த்ரெட் லாக்குக்கு (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் அனுமதிக்கும் பூட்டு) -1 கொடுத்தால் எல்லையின்றிக் காத்திருக்கும், பல ப்ராசஸ்களுக்கான (தனித்தனியாக ஓடும் நிரல்களுக்கான) லாக்குக்கு எதிர்ம எண் கொடுத்தால் அது 0 ஆகக் கருதப்படும்.

‘மீதமுள்ள நேரம்’ என்று கணக்குப் போட்டு அதை அப்படியே டைம்அவுட்டாக அனுப்பும் நிரல்களில் இது நிஜமாகவே கடிக்கும். நேரம் கடந்துவிட்டால் மீதம் எதிர்மமாகிவிடும். அதை அனுப்புவதற்கு முன் 0-க்குக் கீழே போகாமல் வெட்டிவிடுவது நல்லது. அனுப்பும் இடத்தில் 0 என்றால் என்ன என்பதையும் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

## உள்ளே நடப்பது என்ன

கியூவுக்குள் மூன்று பொருட்கள் இருக்கின்றன: உருப்படிகளின் பட்டியல், அதை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொட அனுமதிக்கும் லாக், ‘ஏதாவது வந்தால் எழுப்பு’ என்று சொல்லிவிட்டுத் தூங்க உதவும் கண்டிஷன் வேரியபிள். பைத்தானின் கியூவில் டைம்அவுட்டோடு ஒரு உருப்படியை எடுக்கும்போது நடப்பது இதுதான்:

1. லாக்கை வாங்கு.
2. இப்போதைய நேரத்தோடு டைம்அவுட்டைக் கூட்டி, கெடு நேரம் ஒன்றைக் குறித்துக்கொள்.
3. கியூவில் உருப்படி இருக்கிறதா என்று பார். இருந்தால் 6-ஆம் படிக்குப் போ.
4. இல்லையென்றால், கெடு நேரத்துக்கு எவ்வளவு மீதம் என்று கணக்கிடு. மீதம் இல்லையென்றால் ‘எம்ப்டி’ பிழையோடு வெளியேறு.
5. லாக்கை விட்டுவிட்டு, அந்த மீத நேரத்துக்குத் தூங்கு. எழுந்ததும் லாக்கை மறுபடி வாங்கிக்கொண்டு 3-ஆம் படிக்குத் திரும்பு.
6. உருப்படியை எடு, இடம் காலியானதைப் போடுபவருக்குச் சொல், வெளியேறு.

எளிய ஆறு படிகள்தான். ஆனால் முதலில் சொன்ன குழப்பங்களில் இரண்டுக்கு விடை இதிலேயே இருக்கிறது.

முதலாவது, 5-ஆம் படியில் எழுந்த த்ரெட் ஏன் நேரே உருப்படியை எடுக்காமல் திரும்பப் போய்ப் பார்க்கிறது? எழுப்பப்பட்டதற்கும் லாக் கையில் கிடைத்ததற்கும் இடையே இன்னொரு த்ரெட் புகுந்து அந்த உருப்படியைக் கொண்டுபோயிருக்கலாம். 1974-இல் கணினி அறிஞர் ஹோர் விவரித்த மானிட்டர் (லாக்கும் காத்திருப்பும் சேர்ந்த அமைப்பு) வடிவமைப்பில், எழுப்பப்பட்டவருக்கே உடனடியாக உரிமை கைமாறும்; இடையில் யாரும் புக முடியாது. மெஸா மொழி வேறு வழியில் போனது. எழுப்புவது ஒரு தகவல் மட்டுமே, எழுந்தவர் நிலைமையைத் தானே மறுபடி சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் முறை. லேம்ப்சனும் ரெடெல்லும் 1980-இல் அந்த அனுபவத்தை எழுதினார்கள். இன்று பரவலாகப் புழங்கும் நூலகங்கள் மெஸா வழியில்தான் நடக்கின்றன. போதாதற்கு, யாருமே எழுப்பாமல் த்ரெட் தானாக விழித்துக்கொள்வதையும் யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரநிலை அனுமதிக்கிறது.

இதன் விளைவைக் கவனியுங்கள். நான்கு த்ரெட்கள் ஒரே கியூவிலிருந்து எடுக்கின்றன. ஒன்று தூங்குகிறது, எழுகிறது, உருப்படி போய்விட்டது. மறுபடி தூங்குகிறது, எழுகிறது, மறுபடியும் போய்விட்டது. 5 நொடி முடிந்ததும் அதற்கு ‘எம்ப்டி’ வருகிறது. அந்த 5 நொடியில் ஆயிரம் உருப்படிகள் கியூவைக் கடந்து போயிருக்கலாம். ஆகவே ‘எம்ப்டி’ என்பதற்கு ‘5 நொடியாகக் கியூ காலியாகவே இருந்தது’ என்று பொருள் இல்லை. ‘நான் பார்த்த கணங்களில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை, கடைசியாகப் பார்த்தபோதும் காலி’ என்பது மட்டுமே அதன் பொருள். பிழை வந்த மறுகணம் ஒரு புதிய உருப்படி வந்து விழுவதற்கும் எந்தத் தடையும் இல்லை. ‘எம்ப்டி வந்துவிட்டது, எல்லா வேலையும் முடிந்தது’ என்று முடிவுகட்டி நிரலை நிறுத்துவது அதனால்தான் தவறு.

இரண்டாவது, படிகளின் வரிசை. உருப்படி இருக்கிறதா என்பது முதலில், நேரம் இருக்கிறதா என்பது பிறகு. கெடு கடந்த பின் எழுந்தாலும், அந்த நேரத்தில் உருப்படி வந்திருந்தால் பைத்தான் உருப்படியையே கொடுக்கும். எல்லா மொழியும் இப்படி இல்லை. கோ மொழியில் சேனலையும் (கியூ போன்றது) டைமரையும் ‘செலக்ட்’டில் வைத்துக் காத்திருப்பது வழக்கம். இரண்டும் ஒரே சமயத்தில் தயாராக இருந்தால், கோ அவற்றில் ஒன்றைச் சீரற்ற முறையில் தேர்ந்தெடுக்கும். உருப்படி கண்முன்னே இருந்தும் ‘நேரம் முடிந்தது’ என்ற கிளை ஓடக்கூடும். உருப்படிக்கு முன்னுரிமை வேண்டுமென்றால், நேரம் முடிந்த கிளைக்குள் இன்னொரு முறை காத்திருக்காமல் எட்டிப் பார்க்கும்படி நாமே எழுத வேண்டும்.

## கால அளவும் கெடு நேரமும்

மேலே 2-ஆம் படியில் ஒரு முக்கியமான வேலை நடந்தது. ‘5 நொடி’ என்ற கால அளவு, ‘இந்த நேரம் வரை’ என்ற கெடுவாக மாற்றப்பட்டது. இதைச் செய்ய மறப்பது, சொந்தமாகக் கியூ எழுதுபவர்கள் செய்யும் வழக்கமான பிழை.

மீத நேரத்தைக் கணக்கிடாமல் ஒவ்வொரு முறையும் முழு 5 நொடிக்குத் தூங்கினால் என்ன ஆகும்? நான்காவது நொடியில் யாரோ எழுப்புகிறார்கள், உருப்படி இல்லை, மறுபடி 5 நொடி தூக்கம். மறுபடியும் நான்காவது நொடியில் எழுப்புகிறார்கள். இப்படியே தொடர்ந்தால் அந்தக் காத்திருப்புக்கு முடிவே கிடையாது. சோதனையின்போது ஒரே ஒரு எடுக்கும் த்ரெட் இருந்தால் இந்தப் பிழை தலைகாட்டாது. நெரிசல் வந்தால்தான் தெரியும்.

ஜாவாவின் ‘அவெயிட்நானோஸ்’ எழுந்தவுடன் மீதம் எவ்வளவு என்பதைத் திருப்பிக் கொடுக்கும். அந்த எண்ணை அடுத்த தூக்கத்துக்கு அப்படியே கொடுத்துவிடலாம். பாசிக்ஸின் ‘காண்ட் டைம்டுவெயிட்’ ஆரம்பத்திலிருந்தே கெடு நேரத்தைத்தான் கேட்கிறது. பழகாதவருக்கு அது தொல்லையாகத் தெரியும். என் பார்வையில் அதுவே சரியான வடிவம், ஏனென்றால் கெடு நேரத்தை எத்தனை முறை கொடுத்தாலும் அது தள்ளிப்போகாது.

கியூவுக்கு வெளியேயும் இதே கதைதான். ஒரு கோரிக்கை மூன்று கட்டங்களைத் தாண்ட வேண்டும், ஒவ்வொன்றிலும் 5 நொடி டைம்அவுட் என்றால், மொத்தம் 15 நொடி வரை ஆகலாம். தொடக்கத்திலேயே ஒரு கெடுவைக் குறித்து, அதைக் கட்டத்துக்குக் கட்டம் கடத்தி, ஒவ்வொன்றும் மீதத்தைப் பார்த்துக் காத்திருந்தால் மொத்தமும் 5 நொடிக்குள் அடங்கும். கோ மொழியின் ‘காண்டெக்ஸ்ட்’, நெட்வொர்க் வழி அழைப்புகளுக்கான ஜிஆர்பிசியின் டெட்லைன் இரண்டும் இதற்காகத்தான்.

## எந்தக் கடிகாரம்

கெடு நேரம் என்றால் ஒரு கடிகாரம் வேண்டும். கணினியில் இரண்டு வகைக் கடிகாரங்கள் உண்டு. நாள், மணி சொல்லும் சுவர்க் கடிகாரம் ஒன்று. எங்கோ ஒரு புள்ளியிலிருந்து முன்னோக்கி மட்டுமே ஓடும் மோனோடோனிக் கடிகாரம் இன்னொன்று. முதலாவதை யாரும் திருத்தலாம். நேரத்தைச் சரிசெய்யும் நிரல் அதைப் பின்னுக்கு இழுக்கலாம். கெடுவை அதில் குறித்துவைத்தால், கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போனதும் 5 நொடிக் காத்திருப்பு ஒரு மணி நேரத்தையும் தாண்டும். முன்னே போனால் உடனே முடிந்துவிடும்.

இது காகிதத்தில் மட்டும் இருக்கும் ஆபத்து அல்ல. 2012 ஜூன் 30-ஆம் தேதி, உலக நேரப்படி நள்ளிரவில் ஒரு லீப் நொடி (பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போகக் கடிகாரத்தில் கூட்டப்படும் நொடி) சேர்க்கப்பட்டது. லினக்ஸ் கெர்னலில் அதற்குரிய திருத்தம் டைமர் பகுதிக்குப் போய்ச் சேரவில்லை. டைமர்கள் ஒரு நொடி முன்னே ஓடின. சுவர்க் கடிகாரத்தை நம்பி ஒரு நொடிக்கும் குறைவாகத் தூங்க வேண்டிய த்ரெட்கள் தூங்காமல் உடனே விழித்தன. திரும்பத் தூங்க முயன்று மறுபடி உடனே விழித்தன. உலகெங்கும் சர்வர்களில் ப்ராசஸர் 100 சதவீதத்தில் சுழன்றது. கணினியின் நேரத்தை ஒருமுறை கையால் மீண்டும் பதிந்தாலே சரியாகிவிட்டது என்பதிலிருந்தே கோளாறு எங்கே இருந்தது என்று புரியும்.

2017 புத்தாண்டு நள்ளிரவில் இன்னொரு லீப் நொடி. இணையச் சேவை நிறுவனமான கிளவுட்ஃபிளேரின் டிஎன்எஸ் (இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றும்) மென்பொருளில் இரண்டு நேரங்களின் வித்தியாசம் எதிர்மமாக வந்து, அந்த எண்ணை எதிர்பார்க்காத பகுதி நிலைகுலைந்தது. அது கோ மொழியில் எழுதப்பட்ட மென்பொருள். அதே ஆண்டு வெளிவந்த கோ 1.9-இல் நேர மதிப்புகளுக்குள் மோனோடோனிக் அளவும் சேர்க்கப்பட்டது.

ஜாவாவின் கியூக்கள் ‘நானோடைம்’ என்ற மோனோடோனிக் அளவையே பயன்படுத்துகின்றன. பைத்தான் 3.3-இல் மோனோடோனிக் கடிகாரம் வந்தது. கியூவும் அதற்கு மாறியது. பாசிக்ஸின் கண்டிஷன் வேரியபிளோ வேறுவிதமாகக் கேட்காவிட்டால் சுவர்க் கடிகாரத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். சி-யில் எழுதுபவர்கள் அதை உருவாக்கும்போதே எந்தக் கடிகாரம் என்று சொல்லிவிட வேண்டும்.

## 5 நொடி என்பது உச்சவரம்பு அல்ல

‘அதிகபட்சம் 5 நொடி’ என்றுதான் ஆவணங்களில் எழுதியிருக்கும். நடைமுறையில் உருப்படி வராதபோது அது குறைந்தபட்சம்தான். நேரம் கூடுவதற்குப் பல வாசல்கள் இருக்கின்றன.

லாக்கை வாங்கும் நேரம் கணக்கில் சேருவதில்லை. மேலே பார்த்த படிகளில் கெடு நேரம் குறிக்கப்படுவது லாக் கிடைத்த பிறகுதான். லாக்குக்காக 300 மில்லிநொடி நின்றிருந்தால், அதன் மேல்தான் 5 நொடி. ஜாவாவின் லிங்க்டு பிளாக்கிங் கியூவிலும் லாக்குக்காக நின்ற நேரம் டைம்அவுட்டில் கழிவதில்லை. தூங்கி எழுந்ததும் லாக்கைத் திரும்ப வாங்க வேண்டும். அதற்கும் நேர வரம்பு கிடையாது.

அப்புறம், எழுப்புவதற்கான நேரம் வந்துவிட்டது என்பதற்காக அந்த த்ரெட் உடனே ஓடிவிடாது. ப்ராசஸர் ஓய்வாக இருக்க வேண்டும். பைத்தானில் ஜிஐஎல் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடும் பொது லாக்) கிடைக்க வேண்டும். ஜாவாவில் அந்த நேரம் பார்த்துக் குப்பை சேகரிப்பு (பயன்படாத நினைவகத்தை மீட்கும் வேலை) நடந்தால் அது முடிய வேண்டும். டைமரின் நுணுக்கமும் ஒரு எல்லைதான்: விண்டோஸின் வழக்கமான டிக் சுமார் 15.6 மில்லிநொடி. அங்கே 1 மில்லிநொடி டைம்அவுட் கேட்டால் பல மடங்கு கூடுதலாகக் கிடைக்கலாம்.

இவற்றைத் தவிர்க்க முடியாது. ஆகவே கடுமையான நேர உறுதி தேவைப்படும் இடத்தில் கியூவின் டைம்அவுட்டை மட்டும் நம்பிக் கட்டக்கூடாது.

## முடிந்தது என்பதை எப்படிச் சொல்கிறது

ஜாவாவின் ‘போல்’ நேரம் முடிந்தால் ‘நல்’ (எதுவும் இல்லை என்ற) மதிப்பைத் திருப்பும். அதனால்தான் அந்தக் கியூக்களில் ‘நல்’லையே உருப்படியாகப் போட முடியாது; போட்டால் எது உருப்படி, எது காலக்கெடு என்று பிரிக்க வழியிருக்காது. பைத்தான் ‘எம்ப்டி’, ‘ஃபுல்’ என்று எக்ஸெப்ஷன் எழுப்புகிறது, எனவே ‘எதுவும் இல்லை’ என்று பொருள்படும் அதன் ‘நன்’ மதிப்பைத் தாராளமாகப் போடலாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ரஸ்ட் மொழியின் முறை. அதன் சேனலில் நேரத்தோடு எடுக்கும்போது தோல்வி இரண்டு வகையாக வரும்: ‘டைம்அவுட்’ அல்லது ‘டிஸ்கனெக்டட்’. முதலாவது, இன்னும் வரவில்லை, வரக்கூடும். இரண்டாவது, போடுபவர்கள் யாரும் மிச்சமில்லை, இனி வரவே வராது. டைம்அவுட்டைக் கண்டவர் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க இந்த ஒரு வேறுபாடுதான் தேவை. பழைய பைத்தான் கியூவில் இரண்டுக்கும் ஒரே ‘எம்ப்டி’தான். 3.13-இல் கியூவை மூடும் ‘ஷட்டவுன்’ செயலும் அதற்கென்று தனிப் பிழையும் சேர்ந்த பிறகே அங்கே இந்தத் தெளிவு வந்தது.

## ப்ராசஸ்களுக்கு இடையிலும் அசிங்க் உலகிலும்

ஒரே ப்ராசஸுக்குள் இருக்கும் கியூ வேறு, பல ப்ராசஸ்களுக்கு இடையிலான கியூ வேறு. பைத்தானின் மல்டிப்ராசஸிங் கியூவில் போட்ட உருப்படி நேரே மறுபக்கம் போவதில்லை. பின்னணியில் ஒரு ஃபீடர் த்ரெட் அதை பைப்புக்குள் (ப்ராசஸ்களை இணைக்கும் தரவுக் குழாய்) எழுதுகிறது. எனவே ஒரு ப்ராசஸ் போட்டு முடித்ததும் இன்னொன்று காத்திருக்காமல் எடுக்கப் பார்த்தால் ‘எம்ப்டி’ வரலாம். உருப்படி தொலையவில்லை, வழியில் இருக்கிறது.

இன்னொரு நுட்பமான விஷயம்: இங்கே டைம்அவுட் ‘பைப்பில் ஏதாவது தென்படுகிறதா’ என்பதற்குத்தான். தென்பட்ட பிறகு முழு உருப்படியையும் படிக்கும் கட்டத்துக்கு நேர வரம்பு இல்லை. பெரிய உருப்படியைப் பாதி எழுதிய நிலையில் எதிர்ப்பக்கம் நின்றுபோனால், 5 நொடி டைம்அவுட் கொடுத்திருந்தும் எடுப்பவர் மாட்டிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.

அசிங்க் நிரல்களில் (ஒரே த்ரெட்டில் பல வேலைகள் மாறி மாறிக் காத்திருந்து ஓடுபவை) டைம்அவுட் பெரும்பாலும் கியூவின் அளவுருவாக இருக்காது. பைத்தானின் அசிங்க்ஐஓ கியூவில் அப்படி ஒன்றே கிடையாது. காத்திருப்பை வெளியிலிருந்து ஒரு டைமரால் சுற்றி, நேரம் முடிந்தால் அதை ரத்து செய்கிறோம். இங்கே எழும் கேள்வி: உருப்படி கியூவை விட்டு வெளியே வந்துவிட்டது, இன்னும் நம் கைக்கு வரவில்லை, அந்தக் கணத்தில் ரத்து நடந்தால்? எடுக்கும் செயல் இதற்குத் தயாராக எழுதப்படவில்லை என்றால் அந்த உருப்படி யாருக்கும் கிடைக்காமல் போய்விடும். ரஸ்டின் டோக்கியோ நூலகம், தன் சேனலின் ‘ரிசீவ்’ ரத்தானாலும் உருப்படி தொலையாது என்று ஆவணத்தில் உறுதி கொடுக்கிறது. நீங்கள் பயன்படுத்தும் நூலகத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கியூவிலிருந்து எடுத்து, உடனே இன்னொரு வேலையும் செய்யும் ஒரு செயலை மொத்தமாக டைமரால் சுற்றும்போது இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

## நெட்வொர்க்கைத் தாண்டினால்

நினைவகத்தில் இருக்கும் கியூவில் போடும்போது ‘ஃபுல்’ வந்தால் ஒன்று நிச்சயம்: உருப்படி உள்ளே போகவில்லை. மறுபடி முயலலாம். நெட்வொர்க்குக்கு அப்பால் இருக்கும் கியூவில் இந்த நிச்சயம் இல்லை. அனுப்பியது போய்ச் சேராமல் இருக்கலாம். போய்ச் சேர்ந்து, ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற பதில் வழியில் தொலைந்திருக்கலாம். இரண்டுமே நமக்கு டைம்அவுட்டாகத்தான் தெரியும். மறுபடி அனுப்பினால் ஒரே உருப்படி இரண்டு முறை கியூவில் உட்காரலாம். ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு அடையாள எண் கொடுத்து, எடுக்கும் பக்கம் ‘இதை ஏற்கெனவே செய்துவிட்டேனா’ என்று பார்ப்பதுதான் நம்பகமான வழி.

எடுக்கும் பக்கத்திலும் ஒரு கண்ணி உண்டு. ரெடிஸிடம் 30 நொடி காத்திரு என்று கேட்டுவிட்டு, நம் பக்கத்து சாக்கெட்டின் (நெட்வொர்க் இணைப்பின் முனை) டைம்அவுட் 10 நொடி என்று இருந்தால், நம் பக்கம் முதலில் கைவிட்டுவிடும். அதே நேரம் ரெடிஸ் உருப்படியை எடுத்து, செத்துப்போன இணைப்பில் அனுப்பிவிட்டால் அது போனதுதான். சாக்கெட்டின் வரம்பு எப்போதும் கியூவின் காத்திருப்பைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

அமேசான் எஸ்கியூஎஸ் போன்ற சேவைகளில் ‘டைம்அவுட்’ என்ற பெயரில் வேறொன்றும் இருக்கிறது. உருப்படிக்காகக் காத்திருக்கும் நேரம் ஒன்று. அது அதிகபட்சம் 20 நொடி. எடுத்த உருப்படி மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் நேரம் இன்னொன்று. ‘விசிபிலிட்டி டைம்அவுட்’ எனப்படும் அது வழக்கமாக 30 நொடி, அதிகபட்சம் 12 மணி நேரம். அதற்குள் வேலையை முடித்து உருப்படியை நீக்காவிட்டால், அது திரும்பத் தோன்றி இன்னொருவர் கைக்குப் போகும். வேலைக்கு 40 நொடி ஆகும், மறைவு நேரம் 30 நொடி என்றால், ஒரே வேலை இரண்டு இடத்தில் ஓடும். முதலாவது காத்திருப்பவரைப் பற்றிய வரம்பு, இரண்டாவது வேலை செய்பவரைப் பற்றிய வரம்பு. பெயர் ஒற்றுமையால் இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது.

## போடும் பக்கத்து டைம்அவுட்

எடுப்பதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். நெரிசலில் நிரலைக் காப்பாற்றுவது போடும் பக்கத்து டைம்அவுட்தான்.

கொள்ளளவு இல்லாத கியூவில் போடுவது எப்போதும் வெற்றி பெறும்; அங்கே போடும் டைம்அவுட்டுக்கு வேலையே இல்லை. நினைவகம் தீரும்வரை கியூ வளரும். கொள்ளளவு வைத்தால்தான் ‘இடமில்லை’ என்ற செய்தி போடுபவருக்கு எட்டும். அவர் வேகத்தைக் குறைக்கலாம், மறுக்கலாம், வேறு இடத்துக்கு அனுப்பலாம்.

எவ்வளவு கொள்ளளவு? ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி இங்கே உதவும்: நிலையாக ஓடும் ஒரு அமைப்பில் சராசரியாக இருக்கும் உருப்படிகளின் எண்ணிக்கை, அவை வரும் வீதத்தையும் ஒவ்வொன்றும் செலவிடும் சராசரி நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும். நொடிக்கு 100 உருப்படிகளை முடிக்கும் ஒரு நிரலின் கியூவில் 1000 நிற்கின்றன என்றால், கடைசியில் சேருவது சுமார் 10 நொடி கழித்துத்தான் வெளியே வரும். கோரிக்கை அனுப்பியவர் 5 நொடிதான் காத்திருப்பார் என்றால்? கியூவின் தலையில் வரும் ஒவ்வொரு உருப்படியும் ஏற்கெனவே கைவிடப்பட்டது. நிரல் முழு மூச்சில் உழைக்கும், ஒருவருக்கும் பயன்படாது. கைவிட்டவர்கள் மறுபடி முயல்வதால் கியூ குறையவும் செய்யாது. வெளியிலிருந்து பார்த்தால் சேவை செத்துப்போனது போலத் தெரியும். உள்ளே ப்ராசஸர் நிரம்பி வழியும்.

இதற்குச் செய்யக்கூடியவை:

1. கொள்ளளவை, முடிக்கும் வேகமும் வாடிக்கையாளர் பொறுக்கும் நேரமும் சேர்ந்து சொல்லும் எண்ணுக்குள் வைக்க வேண்டும். மேலே சொன்ன கணக்கில் அது 500-க்கும் கீழே.
2. ஒவ்வொரு உருப்படியோடும் அதன் கெடு நேரத்தைச் சேர்த்தே போட வேண்டும். எடுப்பவர் முதலில் அதைப் பார்த்து, கடந்துவிட்டால் வேலையைத் தொடாமலே தள்ளிவிடலாம்.
3. போடும் டைம்அவுட்டைக் குறைவாக வைத்து, இடமில்லை என்பதை விரைவாகச் சொல்லிவிட வேண்டும். 10 மில்லிநொடியில் வரும் மறுப்பு, 10 நொடி கழித்து வரும் பயனற்ற பதிலைவிட மேல்.

நெட்வொர்க் ரூட்டர்களின் கியூக்களில் இதே எண்ணத்தின் இன்னொரு வடிவம் இருக்கிறது. 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் வெளியிட்ட கோடெல் முறை, கியூவின் நீளத்தைப் பார்ப்பதில்லை. ஒரு பாக்கெட் உள்ளே எவ்வளவு நேரம் நின்றது என்பதைப் பார்க்கிறது. 100 மில்லிநொடிக் காலம் முழுக்கக் காத்திருப்பு 5 மில்லிநொடிக்குக் கீழே இறங்கவே இல்லையென்றால், பாக்கெட்களைக் கைவிடத் தொடங்குகிறது.

## நிறுத்துவதற்காக வைக்கும் டைம்அவுட்

பல நிரல்களில் டைம்அவுட் வேறொரு காரணத்துக்காக இருக்கிறது. எடுக்கும் த்ரெட் முடிவின்றித் தூங்கினால் நிரலை நிறுத்த முடியாது என்று, ஒவ்வொரு நொடியும் எழுந்து ‘நிறுத்தச் சொன்னார்களா’ என்று ஒரு கொடியைப் பார்க்கும்படி எழுதிவிடுகிறார்கள். இது வேலை செய்யும். ஆனால் நிறுத்தச் சொன்னபின் ஒரு நொடி வரை தாமதம், வேலையே இல்லாதபோதும் ஓயாமல் விழிப்பு. அதோடு ‘எம்ப்டி’ பிழை ஒரு சாதாரண நிகழ்வாகிவிடுவதால், உண்மையிலேயே உருப்படி வராமல் போன நாளில் அதை யாரும் கவனிக்கமாட்டார்கள்.

நிறுத்துவதையும் ஒரு உருப்படியாகவே அனுப்புவது தெளிவான வழி. ‘இதற்கு மேல் இல்லை’ என்று பொருள்படும் ஒரு குறியைக் கியூவில் போட்டால் எடுப்பவர் உடனே எழுந்து வெளியேறுவார். நான்கு பேர் எடுக்கிறார்கள் என்றால் நான்கு குறிகள் போட வேண்டும். மொழி கியூவை மூடும் வசதி கொடுத்தால் அதைப் பயன்படுத்தலாம். விண்டோஸில் ஓடும் பைத்தானுக்கு மட்டும் ஒரு விலக்கு: அங்கே டைம்அவுட் இல்லாமல் ‘கெட்’ செய்தால் கன்ட்ரோல்-சி அழுத்தினாலும் அது அசையாது என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. பிரதான த்ரெட்டில் காத்திருப்பதென்றால் அங்கே டைம்அவுட் வைப்பதில் நியாயம் இருக்கிறது.

டைம்அவுட்டை நன்றாகக் கையாண்டதற்கு ஒரு நல்ல உதாரணம் ஜாவாவின் த்ரெட்பூல் (வேலைகளைப் பகிர்ந்து செய்யும் த்ரெட்களின் தொகுப்பு). கூடுதலாக உருவான ஒரு த்ரெட், கியூவில் ‘கீப்அலைவ்’ நேரம் வரை காத்திருக்கும். ‘கேஷ்டு’ வகைப் பூலில் அது 60 நொடி. அதற்குள் வேலை வராவிட்டால் அந்த த்ரெட் தன்னை முடித்துக்கொள்ளும். இங்கே டைம்அவுட் பிழை அல்ல, ‘எனக்கு இப்போது தேவை இல்லை’ என்ற செய்தி. ஆனாலும் அது கண்ணை மூடிக்கொண்டு வெளியேறுவதில்லை. நேரம் முடிந்த பிறகு, தானே கடைசி த்ரெட்டா, கியூவில் இன்னும் வேலை இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கிறது. கடைசி ஆளாக இருந்து கியூ காலியாகவும் இல்லையென்றால் திரும்பவும் வேலை எடுக்கப் போகிறது.